செங்கல்பட்டு அனுப்பிய சட்டப் பேராசிரியர்: ந.சிவராஜ்

சிங்கப்பெருமாள் கோவில் கூட்டுரோட்டில் நின்று ஒரகடம் பக்கம் திரும்பும் பேருந்துகளைப் பார்த்தால், நம் மாவட்டம் எங்கே போகிறது என்பது தெரியும். ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், கேன்டீனிலும் துப்புரவிலும் வேலை பார்க்கும் பெண்கள் என ஒரு தலைமுறையே அந்தச் சாலையில் போய் வருகிறது. அவர்களில் கணிசமானோர் சேரிகளில் இருந்தும் காலனிகளில் இருந்தும் போகிறவர்கள். தாத்தா மிராசுதாரரின் வயலில் உழுதார். பேரன் கார் தொழிற்சாலையில் போல்ட் முடுக்குகிறான். இடையில் நடந்தது என்ன, அதற்காக யார் யார் எங்கெங்கே வாதாடினார்கள் என்பது மட்டும் அந்தப் பேருந்தில் பேசப்படுவதில்லை.

1957ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி டெல்லிக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. ஒருவர் டாக்டர் ஏ.கிருஷ்ணசாமி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்ற மற்றவர் ராவ் பகதூர் ந.சிவராஜ். சட்டப் பேராசிரியர், சென்னை மேயர், அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர், இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர் என்று அவர் வகித்த பொறுப்புகளை அடுக்கலாம். அண்ணல் அம்பேத்கரின் பெயர் தெரிந்த நம் ஊர்களில் சிவராஜின் பெயரைத் தெரிந்தவர் அதிகம் இல்லை. இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

பிறந்த மறுநாள் வந்த ஆணை

சிவராஜ் பிறந்தது 1892 செப்டம்பர் 29. அதற்கு மறுநாள், செப்டம்பர் 30 அன்று, சென்னை மாகாண அரசின் வருவாய்த் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நில ஆணை என்று இன்று நாம் குறிப்பிடுவது அதைத்தான். அந்த ஆணை பிறக்கக் காரணமாக இருந்தது நம் மாவட்டம்.

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் மாவட்டத்தின் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசு முறை இந்த மாவட்டத்தில் எப்படி வேலை செய்தது என்பதை அது காட்டியது. ஊரில் தரிசு கிடந்தாலும் முதல் உரிமை மிராசுதாரருக்குத்தான். சேரியைச் சேர்ந்த ஒருவர் அரசிடம் நிலம் கேட்டு விண்ணப்பித்தால், மிராசுதாரர் குறுக்கே வந்து தனக்கு வேண்டும் என்று சொன்னால் போதும், விண்ணப்பம் விழுந்துவிடும். குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையதாக இருந்ததால், எதிர்த்துப் பேசினால் வீடே போய்விடும். நிலமும் கிடையாது, மனையும் கிடையாது என்றால் வேலையை மறுக்கும் உரிமை எங்கிருந்து வரும்?

அதே காலத்தில் செங்கல்பட்டில் பணிபுரிந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூவும் இந்த மக்களுக்கு நிலம் கேட்டு அரசுக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே உள்ள மெல்ரோசாபுரம் அவர் உருவாக்கிய குடியேற்றம்தான். தினமும் அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைக் கடந்து போகிற பலர் இதை அறியமாட்டார்கள்.

சிவராஜ் இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர் என்றாலும் அவருடைய அரசியலின் நடுவில் கடைசிவரை நின்ற கேள்வி இந்த மண்ணில் எழுந்த கேள்விதான். நிலம் இல்லாதவனுக்கு வாக்கு இருந்தால் மட்டும் போதுமா என்பதே அது.

வழக்கறிஞரும் ஆசிரியரும்

பி.ஏ., பி.எல். முடித்து வழக்கறிஞரானவர் சிவராஜ். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் அந்த நாளில் பட்டதாரி ஆவதே அரிது. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்த காலம் அது. அத்தகைய தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த அவரும் நம் மாவட்டத்துக்காரரே. பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவையும் சேர்த்தால், பழைய செங்கல்பட்டு மாவட்டம் தந்த இரு பெரும் முன்னோடிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை சிவராஜுடையது.

சீனிவாசன் பத்திரிகையாளராகவும் ராஜா பள்ளி ஆசிரியராகவும் இருந்து பொது வாழ்வுக்கு வந்தவர்கள். சட்டத்தை முறையாகக் கற்று, கற்பிக்கவும் செய்து அரசியலுக்கு வந்தவர் சிவராஜ். சென்னைச் சட்டக் கல்லூரியில் அவர் ஆசிரியராக இருந்தார். வடக்கே அம்பேத்கரின் வட்டத்தில் அவரைப் பேராசிரியர் சிவராஜ் என்றே அழைத்தார்கள். உயர்சாதி மாணவர்கள் நிறைந்த வகுப்பில், அவர்களுடைய தெருக்களில் நுழைய விடப்படாத மக்களில் ஒருவர் நின்று சட்டம் சொல்லிக் கொடுத்தார் என்பதை இன்றைய வாசகர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர் தொழில் அவருக்கு என்ன கற்றுக் கொடுத்தது என்பதை அவருடைய பிற்காலப் பணிகளில் காணலாம். உணர்ச்சியை எழுப்பிவிட்டு இறங்கிப் போகும் மேடைப் பேச்சு அவருடைய வழி அல்ல. கோரிக்கைகளைத் தீர்மானங்களாக எண்ணிட்டு எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் எந்த இடத்தில் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்வது, அதை அதிகாரத்தில் இருப்பவரின் மேசைமேல் வைப்பது என்பதே அவர் தலைமை வகித்த மாநாடுகளின் முறை.

சட்டமன்றத்தில்

1926 முதல் சுமார் 10 ஆண்டுகள் சென்னை மாகாணச் சட்ட மேலவையிலும், 1937 முதல் டெல்லியில் மத்தியச் சட்டமன்றத்திலும் அவர் இருந்தார். தொடக்கத்தில் நீதிக்கட்சியோடு நின்றார். நியமன உறுப்பினர் என்பதையும் ராவ் பகதூர் பட்டம் பெற்றவர் என்பதையும் வைத்து, ஆங்கிலேய அரசுக்கு வேண்டியவர் என்று அவரை ஒதுக்கித் தள்ளியவர்கள் உண்டு. இந்தக் குற்றச்சாட்டை நாம் நேராகவே பார்க்கலாம்.

அந்நாளில் வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் இருந்தது. சேரி மக்களிடம் சொத்து இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. பொதுத் தொகுதியில் நின்று வெல்லவும் வழியில்லை. நியமனம் ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்த கதவு. அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. சாலையும் கிணறும் பள்ளியும் நிலமும் பேசப்பட்டது அவர்களால்தான். தேர்தலில் வென்று வந்த பலரின் பேச்சில் அவை இடம்பெறவே இல்லை.

1932இல் பூனா ஒப்பந்தம் வந்தது. தனித் தொகுதி போய், கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீடு வந்தது. நாடு முழுவதும் 148 இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். சேரி முதலிடத்தில் தேர்ந்தெடுத்தவரை ஊர் தோற்கடிக்கலாம் என்பது இதன் பொருள். 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 30 தனி இடங்களில் 26 காங்கிரசுக்குப் போயின. ஒதுக்கீட்டு இடத்தில் வெல்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற கேள்வி அன்றே பிறந்தது. இன்றும் தனித் தொகுதிகளில் அந்தக் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது.

எம்.சி.ராஜா 1932இல் கூட்டுத் தொகுதியை ஏற்று மூஞ்சேயுடன் உடன்பாடு செய்தவர். இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கர் பக்கம் நின்றவர். அடுத்த பத்தாண்டுகளில் தென்னாட்டில் அம்பேத்கரின் அரசியலுக்கு முதன்மைத் துணையாக எழுந்தவர் சிவராஜ்.

மீனாம்பாள்

சிவராஜைப் பற்றி எழுதும்போது அன்னை மீனாம்பாளை விட்டுவிட முடியாது. 1904இல் ரங்கூனில் பிறந்தவர் அவர். அங்கே கப்பல் தொழிலில் பெயர் பெற்ற வள்ளல் மதுரைப் பிள்ளையின் பேத்தி. படித்தவர், செல்வக் குடும்பத்தில் வந்தவர். சிவராஜின் மனைவியாக மட்டும் அவர் இருந்துவிடவில்லை. 1928இல் சைமன் குழுவை ஆதரித்துப் பேசியது முதல் தமக்கென ஒரு பொது வாழ்வை அமைத்துக்கொண்டார். கௌரவ மாஜிஸ்திரேட், மாநகராட்சி உறுப்பினர் எனப் பல பொறுப்புகளில் இருந்தார். ஈ.வெ.ராமசாமிக்குப் பெரியார் என்ற பெயரை வழங்கிய 1938ஆம் ஆண்டு சென்னைப் பெண்கள் மாநாட்டில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மகளிர் மாநாடு 1944இல் சென்னையில் கூடியபோது தலைமை ஏற்றார். அம்பேத்கர் அவரைத் தம் சகோதரியாகவே மதித்தார்.

கணவனும் மனைவியும் ஒரே இயக்கத்தில், ஒருவர் நிழலில் மற்றவர் மறையாமல் பணி செய்த இத்தகைய இணை தமிழக அரசியலில் குறைவு. சிவராஜ் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 1992இல் மீனாம்பாள் காலமானார்.

நாக்பூர், 1942

1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தது. இந்தியாவுக்கு அது கொண்டுவந்த திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு உருப்படியான பாதுகாப்பு எதுவும் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற அம்பேத்கரும் எம்.சி.ராஜாவும் இம்முறை சேர்ந்தே கிரிப்ஸைச் சந்தித்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்பது அப்போது உறுதியானது.

அந்த ஆண்டு ஜூலை 18 அன்று நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு தொடங்கியது. தலைமை வகித்தவர் சிவராஜ். அங்கேதான் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. அதன் தலைவர் பொறுப்பும் அவரிடமே வந்தது. அம்பேத்கர் அதே மாதம் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அரசுக்குள் அம்பேத்கர், வெளியே அமைப்பின் தலைவராகச் சிவராஜ் என்ற ஏற்பாட்டில் அடுத்த நான்கு ஆண்டுகள் நகர்ந்தன.

நாக்பூர்த் தீர்மானங்களில் ஒன்றை நம் மாவட்ட வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஊரும் சேரியும் என்ற இந்தியக் கிராம அமைப்பே தீண்டாமைக்கு வேர் என்று மாநாடு கருதியது. சேரி ஊரை நம்பிப் பிழைக்கும் வரை விடுதலை இல்லை. ஆகவே அரசுத் தரிசு நிலங்களில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் அமைத்து, அவர்கள் சொந்தமாகப் பயிர் செய்யும்படி நிலம் தர வேண்டும் என்று கேட்டது. ட்ரெமென்ஹீர் 50 ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டில் கண்ட அதே நோய்க்கு இது ஒரு மருந்து. இம்முறை மருந்தை எழுதியவர்கள் நோயை அனுபவித்த மக்களே என்பதுதான் வேறுபாடு.

கனடா, சென்னை, சிம்லா

1942 டிசம்பரில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மாண்ட் ட்ரெம்ப்ளாண்ட் என்ற இடத்தில் பசிபிக் உறவுகள் மாநாடு நடந்தது. போருக்குப் பிந்தைய உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசிய கூட்டம் அது. தீண்டப்படாதோர் சிக்கலைப் பற்றி அம்பேத்கர் எழுதிய கட்டுரை அங்கே வைக்கப்பட்டது. இந்தியக் குழுவில் அந்த மக்களின் சார்பில் சென்றவர் சிவராஜ். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் சீனிவாசனும் போய் வந்து 10 ஆண்டுகளுக்குப் பிறகு, தமிழகத்து ஆதிதிராவிடர் ஒருவர் மீண்டும் உலக அரங்கில் தம் மக்களுக்காக அமர்ந்தார்.

1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டேகால் சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது 12இல் 1 பங்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1944இல் பள்ளி இறுதிக்கு மேல் படிப்போருக்கான உதவித்தொகை தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் விண்ணப்பம் நிரப்பி வாங்கும் உதவித்தொகையின் தொடக்கம் அதுதான். இவற்றை முன்னின்று நடத்தியவர் அம்பேத்கர். அவருக்குப் பின்னால் நாடு தழுவிய அமைப்பு ஒன்று நின்றது என்பதை அரசு உணரச் செய்தது கூட்டமைப்பு.

1944 செப்டம்பர் 23 அன்று கூட்டமைப்பின் செயற்குழு சென்னையில் சிவராஜ் தலைமையில் கூடியது. அம்பேத்கரும் அப்போது சென்னைக்கு வந்திருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியிருந்தது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் பட்டியல் சாதியினர் தனி அங்கமாக ஏற்கப்பட வேண்டும், அவர்களின் ஒப்புதல் இன்றி எந்த அரசியலமைப்பும் செல்லாது என்று அந்தச் செயற்குழு தீர்மானித்தது. சட்டமன்றம், நிர்வாகம், அரசுப் பணி, கல்வி, தனிக் குடியேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக் கேட்டது. பின்னர் அம்பேத்கர் எழுதிய காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற நூலில் இந்தச் சென்னைத் தீர்மானங்கள் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன.

1945 ஜூன் 25 அன்று வைசிராய் வேவல் சிம்லாவில் தலைவர்களைக் கூட்டினார். காங்கிரசுக்கு அபுல் கலாம் ஆசாத், முஸ்லிம் லீகுக்கு ஜின்னா, சீக்கியருக்கு மாஸ்டர் தாரா சிங் வந்தார்கள். பட்டியல் சாதியினருக்கு வந்தவர் சிவராஜ். இந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச அன்று அழைக்கப்பட்ட சிலரில் அவர் ஒருவர். மூன்று வாரங்களுக்குள் மாநாடு முறிந்தது. முஸ்லிம் உறுப்பினர்களை யார் தேர்வு செய்வது என்ற தகராறு அதற்குக் காரணம் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அந்த மேசையில் சேரிகளின் சார்பில் ஒருவர் இருந்தார் என்பதை அவற்றில் பல எழுதுவதில்லை.

மேயர்

அதே 1945இல் சென்னை மாநகராட்சி மேயரானார் சிவராஜ். மேயர் பதவி அப்போது ஓராண்டுக்கு உரியது. உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். ஆதிதிராவிடர்களில் முதலில் மேயரானவர் ஜெ.சிவசண்முகம் பிள்ளை. அது 1937இல் நடந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அந்த நாற்காலி சிவராஜுக்கு வந்தது. நகரின் குப்பையை அள்ளுபவர்களும் மலக்குழிகளைச் சுத்தம் செய்பவர்களும் எந்த மக்களோ, அந்த மக்களில் ஒருவர் ரிப்பன் மாளிகையில் மேயர் அங்கி அணிந்து அமர்ந்தார்.

தோல்விகளின் காலம்

1946 தேர்தல் கூட்டமைப்புக்குப் பலத்த அடி. தனி இடங்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது. தொகுதி முறையே தங்களைத் தோற்கடித்தது என்று கூட்டமைப்பு சொன்னது. அதில் நியாயம் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காங்கிரசிடம் பணமும் கிராமம்தோறும் ஆட்களும் இருந்தார்கள். கூட்டமைப்பிடம் வாதம் இருந்தது, கிராம அளவில் அமைப்பு போதவில்லை. கூலி கொடுப்பவனுக்கு எதிராக வாக்களிப்பது எவ்வளவு கடினம் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலிலும் நிலை மாறவில்லை. அரசியலமைப்பை வரைந்த அம்பேத்கரே வட பம்பாயில் தோற்றார். கூட்டமைப்புக்கு நாடு முழுவதும் கிடைத்தவை 2 மக்களவை இடங்கள்தான். 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். அவர் இல்லாத முதல் தேர்தல் 1957இல் வந்தது.

இரண்டு வாக்கு, இரண்டு உறுப்பினர்

அந்தத் தேர்தலில்தான் செங்கல்பட்டு சிவராஜைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய முறையை இளைய வாசகர்களுக்கு விளக்க வேண்டும். நாட்டில் 91 மக்களவைத் தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். மீதமுள்ள அனைவரிலும் அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பொது இடத்தையும் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர் வெல்ல முடியும். 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு இடங்களையும் பட்டியல் பழங்குடியினர் வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. அவர் வழக்குத் தொடுத்தார். தேர்வு செல்லும் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் முறையையே சட்டம் போட்டு ஒழித்தது.

1962இல் செங்கல்பட்டு ஒற்றை உறுப்பினர் தொகுதி ஆனது. காங்கிரசின் ஓ.வி.அளகேசன் வென்றார். சிவராஜ் நின்று பேசிய இடம், மக்கள் தோற்கடித்து மறைந்தது அல்ல, சட்டத்தால் மறைந்தது. இன்று சிங்கப்பெருமாள் கோவில் அடங்கிய செங்கல்பட்டு சட்டமன்றத் தொகுதி, காஞ்சிபுரம் மக்களவைத் தனித் தொகுதிக்குள் இருக்கிறது. 2009 தேர்தல் முதல் இந்த ஏற்பாடு. சிவராஜின் இடம் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம். அந்த இடத்தின் பொறுப்பும் திரும்பி வந்ததா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

குடியரசுக் கட்சி

1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரங்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று நாக்பூரில் கூட்டமைப்பு கலைக்கப்பட்டு இந்தியக் குடியரசுக் கட்சி பிறந்தது. சாதி எல்லையைத் தாண்டி உழைக்கும் மக்கள் எல்லோருக்குமான கட்சி வேண்டும் என்பது அம்பேத்கர் இறுதியில் வகுத்த திட்டம். அதன் முதல் தலைவராகச் சிவராஜைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் இருந்த தலைவர்களே எண்ணிக்கையில் அதிகம். தொண்டர் பலமும் அங்கேதான். அப்படியிருந்தும் தமிழர் ஒருவரைத் தலைவராக வைத்ததற்குக் காரணம் உண்டு. 1942 முதல் அமைப்பைத் தாங்கியவர் அவர். அங்குள்ள தலைவர்களுக்கு இடையே இருந்த போட்டிகளில் எந்தப் பக்கமும் சேராதவர். தலைவர் போனபின் வீட்டைப் பிரியாமல் வைத்திருக்கும் மூத்த உறவினரின் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைக் காலம் காட்டியது. 1950களின் முடிவிலேயே கட்சியில் பிளவு தோன்றியது. அவர் மறைந்த பிறகு பிளவுகள் பெருகி, இன்று எத்தனை குடியரசுக் கட்சிகள் என்று எண்ண முடியாத நிலை.

ஆனால் பிளவுகளை மட்டும் வைத்து அந்தக் கட்சியை எடை போடக் கூடாது. 1959இல் மகாராஷ்டிரத்தில் தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் நிலமற்றோருக்கு நிலம் கேட்டு அது நடத்திய சத்தியாகிரகம் பெரியது. 1964 அக்டோபர் தொடக்கத்தில் கட்சி டெல்லியில் பேரணி நடத்திப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்தது. தரிசு நிலத்தை நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதில் முதன்மையானது. டிசம்பர் 6 முதல் நாடு தழுவிய நிலப் போராட்டம் நடந்தது.

அதைப் பார்க்கச் சிவராஜ் இல்லை. 1964 செப்டம்பர் 29 அன்று, தாம் பிறந்த அதே நாளில், 72 வயது நிறைவில் அவர் காலமானார்.

ஏன் மறந்தோம்

காங்கிரஸ் எழுதிய விடுதலை வரலாற்றில் அவருக்கு இடமில்லை, ஏனெனில் அவர் காங்கிரசை எதிர்த்தவர். திராவிட இயக்க வரலாறு நீதிக்கட்சிக் காலத்தோடு அவரை விட்டுவிடுகிறது, ஏனெனில் அதன்பின் அவர் போன வழி அம்பேத்கரின் வழி. அம்பேத்கர் இயக்க வரலாற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் மராத்தியர்கள். அதில் அவர் மாநாட்டுத் தலைவராக ஒரு வரியில் வந்து போகிறார். அவர் தொடங்கி நடத்திய கட்சியும் சிதறிப் போனதால், ஆண்டுதோறும் மாலை போட ஆள் குறைந்தது. ஒரு தலைவர் மறக்கப்பட இத்தனை காரணங்கள் போதும்.

நமக்கு அவர் தேவைப்படுவது மாலைக்காக அல்ல. 1994 அக்டோபர் 10 அன்று நம் மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். 1891இல் ஆட்சியர் அறிக்கையில் தொடங்கிய கேள்விக்கு, 103 ஆண்டுகள் கழித்தும் துப்பாக்கியே பதிலாக வந்தது. அதன்பின் இந்த வட்டாரத்தில் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. அன்று ஏக்கர் கணக்கில் பேசினார்கள், இன்று சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். தொழிற்சாலைக்கும் குடோனுக்கும் மனைப் பிரிவுக்கும் நிலம் கைமாறும்போது, அது யாருக்காக, எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்ட நிலம் என்று கேட்பவர் குறைவு.

சிவராஜின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படைத்த நிலம் வருவாய்ப் பதிவேடுகளில் டி.சி. நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது அதன் நிபந்தனை. நிபந்தனையை மீறி எத்தனை முறை கைமாறியிருந்தாலும் வாங்கியவருக்கு உரிமை பிறக்காது. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். காலனியில் படித்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து தங்கள் கிராமத்துப் புல எண்களை ஒருமுறை சரிபார்த்தால், எது இருக்கிறது, எது போனது என்பது தெரியும்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்று நம் காலனிகளிலும் இருக்கிறார்கள். செங்கல்பட்டிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. படிப்பை முடித்து நீதிமன்றம் போகும் அவர்களில் சிலராவது இந்தப் பதிவேடுகளோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். வழக்காடத் தெரிந்த ஒருவர் தம் மக்களுக்காக எதுவரை போகலாம் என்பதற்குச் சிவராஜ் ஓர் அளவு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வருகிற செப்டம்பர் 29 அன்று மாவட்டத்தில் எங்காவது அவர் படம் வைக்கப்பட்டால் மகிழ்வோம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஊரின் ‘அ’ பதிவேடும் இருந்தால் இன்னும் மகிழ்வோம்.